கண்ணை மூடி உட்கார்ந்திருந்த காலம்
கடலின் முன் தெய்வீகத்தை உணர்ந்தவர் தானாகவே கடலைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. பல வருடங்கள் விடியற்காலையில் கரையில் கண்ணை மூடி உட்கார்ந்து அலைச் சத்தத்தில் கரைந்துபோயிருக்கிறேன். எழுந்து மணலைத் தட்டிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு நாள் காலருகே ஒதுங்கிய பாசியைக் கையில் எடுத்தேன். அதில் ஒட்டியிருந்தவற்றை மீன் முட்டை என்று நினைத்தால், அத்தனையும் பருப்பு அளவு பிளாஸ்டிக் மணிகள். நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம்தான் கடலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்வது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். அவற்றில் எண்ணிக்கையில் மிக அதிகமான புரோகுளோரோகாக்கஸை 1980களில்தான் கண்டுபிடித்தார்களாம். படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது, இத்தனை வருடத் தியானத்தில் அப்படிச் சிலிர்த்ததில்லை. 'கடல் எதையும் தாங்கும்' என்று அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார். புவி வெப்பமாதலால் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது, சரி. ஆனால் பவளப்பாறைகள் வெளுத்துச் சாவதும் அந்தச் சூட்டால்தானே? இப்போதும் விடியலில் போகிறேன், கண்ணைத் திறந்தே உட்காருகிறேன். மணலைச் சலிக்க ஒரு பழைய சல்லடையும் கூட வருகிறது.