"சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம்"

நாளிதழ் ஓரத்தில் வினோதச் செய்தி என்று ஒரு பெட்டி போடுவார்கள் இல்லையா, முதலில் அதைப் படிக்கிற ஆள் நான். ஆனால் அதில் வருவது பாதிக் கதைதான். சிரிப்பு வருகிற இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். வழக்கு என்ன ஆனது, பணத்தை யார் கட்டினார்கள் என்று தெரிவதற்குள் அடுத்த வினோதம் வந்துவிடும். அந்த மிச்சப் பாதியைத் தேடிப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் ஏறுகிறது.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக் கட்டைவிரல் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2021 மார்ச்சில், தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று 86 டன் ஆளி விதைக்கு ஒப்பந்தம் எழுதி, தன் பக்கம் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் பிடித்து ஒரு விவசாயியின் போனுக்கு அனுப்பியது. உறுதி செய்யுங்கள் என்று கூடவே ஒரு வரி. அவர் கட்டைவிரல் எமோஜி ஒன்றைத் தட்டிவிட்டார். நவம்பரில் சரக்கு வரவில்லை. அதற்குள் விலை புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அளவு) 17 டாலரிலிருந்து 41 டாலராகிவிட்டது. 'ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் கட்டைவிரல், சம்மதம் என்று சொல்ல அல்ல' என்றார் விவசாயி. 2023இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அது கையெழுத்துதான், 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டு என்று தீர்ப்பு. 2024இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிய குறை இல்லை. இதே இருவரும் இதற்கு முன்பும் 'ஓகே', 'சரி' என்று போனில் ஒரு வார்த்தை தட்டியே வியாபாரம் செய்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் சரக்கும் போயிருக்கிறது, பணமும் வந்திருக்கிறது. நீதிபதி பார்த்தது அந்தப் பழக்கத்தை.

சரி, இப்போது ஒரு பெரிய நிறுவனம் வாயை விட்ட கதைக்கு வருவோம். 1996இல் அமெரிக்காவில் பெப்சி ஒரு விளம்பரம் ஓட்டியது. பெப்சி குடித்துப் புள்ளி சேர்த்தால் டி-ஷர்ட், இன்னும் சேர்த்தால் ஜாக்கெட், 70 லட்சம் புள்ளிக்கு ஹாரியர் போர் விமானம். ஒரு பையன் அந்த விமானத்தைப் பள்ளிக்கூடத்து வாசலிலேயே இறக்குவான். இதைப் பார்த்த ஒரு மாணவர் விதிகளை உட்கார்ந்து படித்தார். 15 புள்ளி கையில் இருந்தால் போதும், மிச்சத்தைப் புள்ளிக்கு 10 சென்ட் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. ஆள் பிடித்துப் பணம் திரட்டி, 7,00,008 டாலர் 50 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பினார். அந்த 8 டாலர் 50 சென்ட்டைக் கவனியுங்கள். கையில் இருந்த 15 புள்ளிக்கான ஒன்றரை டாலரைக் கழித்து, அனுப்பும் செலவு 10 டாலரைச் சேர்த்த கணக்கு. போர் விமானத்தைப் பார்சலில் அனுப்பப் பத்து டாலர்!

1999இல் வழக்கு தள்ளுபடி. புத்தியுள்ள எவரும் இதை நிஜமான வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றது நீதிமன்றம். அதற்கும் முன்பே பெப்சி விளம்பரத்தில் 70 லட்சத்தை 70 கோடியாக்கிவிட்டது.

சட்டப்படி இரண்டும் வேறு வேறு வழக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு தீர்ப்பும் சரிதான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதுதான் ஞாபகம் வருகிறது. விவசாயி யோசிக்காமல் தட்டிய விரல் ஒப்பந்தம். ஒரு நிறுவனம் காசைக் கொட்டி எழுதி, நடித்து, படம் பிடித்து, நாடு முழுக்க ஓட்டிய வாக்கியம் விளையாட்டு.

விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போக முடியாத கதையும் உண்டு. அதுவும் பெப்சிதான், பிலிப்பைன்ஸ், 1992. மூடிக்கு உள்பக்கம் எண் அச்சடித்து, தினமும் தொலைக்காட்சியில் பரிசு எண் அறிவிப்பார்கள். மே 25 அன்று அறிவித்த எண் 349. பரிசு பத்து லட்சம் பெசோ. இரண்டு மூடிகளுக்குப் போக வேண்டிய பரிசு. ஆனால் 349 என்று அச்சாகி வெளியே போயிருந்தவை ஏறக்குறைய 8 லட்சம் மூடிகள். ஒரே ராத்திரியில் அத்தனை வீடுகளில் கடன் அடைந்தது, கூரை மாறியது, பிள்ளை கல்லூரியில் சேர்ந்தது. விடிந்ததும் நிறுவனம், அந்த மூடிகளில் பாதுகாப்புக் குறியீடு சரியாக இல்லை, வேண்டுமானால் மூடிக்கு 500 பெசோ தருகிறோம் என்றது. லாரிகள் எரிந்தன, குண்டு வீசினார்கள், உயிர்கள் போயின. வழக்குகள் 2006 வரை இழுத்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இதைப் பல இடங்களில் 'உலகின் வேடிக்கையான விளம்பரச் சொதப்பல்கள்' பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வேடிக்கையாம்!

இன்னொரு வகை உண்டு, நிறுவனம் முங்கினால் பழியை வாடிக்கையாளர் வயிற்றின்மேல் போடுவது. 2024 மே மாதம் ரெட் லாப்ஸ்டர் என்ற அமெரிக்க உணவகச் சங்கிலி திவாலானபோது, 20 டாலருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இறால் என்ற சலுகையை ஜனங்கள் தின்றே தீர்த்தார்கள் என்று மீம்கள் பறந்தன. இறாலில் 1.1 கோடி டாலர் போனது உண்மை. ஆனால் 2014இலேயே முதலாளிகள் அந்த உணவகங்களின் நிலத்தை விற்றுவிட்டு, சொந்த இடமாக இருந்ததற்கே வாடகை கட்ட வைத்திருந்தார்கள். தவிர, இறால் சலுகை நிரந்தரமானபோது உணவகத்தின் பெரிய பங்குதாரர் யார் தெரியுமா? அதற்கு இறால் விற்கும் தாய்லாந்து நிறுவனமான தாய் யூனியன். மீமில் இதெல்லாம் எங்கே இடம் பிடிக்கும்.

எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்ல வரவில்லை. 1999இல் ஒரு அமெரிக்கப் பொறியாளர், உணவுப் பொருள் வாங்கினால் விமான மைல் (சேர்த்து வைத்து விமான டிக்கெட் எடுக்கும் புள்ளி) இலவசம் என்ற சலுகையில் ஓட்டை கண்டுபிடித்து, கப் 25 சென்ட் என்று 12,150 கப் புட்டிங் வாங்கினார். செலவு சுமார் 3,000 டாலர், கிடைத்தது 12 லட்சத்துக்கு மேல் மைல். அந்த நிறுவனம் முணுமுணுக்காமல் கொடுத்தது. அதனால் ஒன்றும் முங்கிவிடவில்லை.

இப்போது விளையாட்டுக்குச் சொல்வதற்குப் பதில், 'நாங்கள் சொல்லவில்லை, சாட்பாட் சொன்னது' என்ற புதுச் சாக்கு வந்திருக்கிறது. சாட்பாட் என்றால் ஆளுக்குப் பதில் தானாகப் பதில் சொல்லும் கணினி நிரல். 2022இல் பாட்டி இறந்துபோய் அவசரமாகக் கிளம்பிய ஒருவர், ஏர் கனடாவின் இணையதளச் சாட்பாட்டிடம் துக்கப் பயணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் எடுத்து 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் கழிவு உண்டு என்றது அது. போய்விட்டு வந்து கேட்டபோது, பயணம் முடிந்தபின் கிடையாது என்று வேறொரு பக்கத்தில் போட்டிருக்கிறதே என்றார்கள். தீர்ப்பாயத்தில் நிறுவனம் வைத்த வாதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்: சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற மாதிரி. தங்கள் தளத்தில் தாங்களே உட்கார வைத்ததை யாரோ என்றார்கள்!

2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் இதை ஏற்கவில்லை. தளத்தில் இருப்பது எதுவானாலும் நிறுவனம்தான் பொறுப்பு, ஒரு பக்கம் சொல்வதை வாடிக்கையாளர் ஏன் இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. மொத்தம் 812 கனடிய டாலர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பயணி உரையாடலை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார்.