குறிமுள்ளை எதற்கு வைத்தீர்கள்?

மூன்று நாளாக மனசுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தேன். கொட்டித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது.

அக்கா மகனுக்கு எட்டு வயது. வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கும், டிவியில் மாட்டி விளையாடும் நிண்டெண்டோ வீ கன்சோலில் தகர டப்பா, வாத்து, சுற்றும் தட்டு என்று வரிசையாக வர வரச் சுட்டுத் தள்ளும் ஆட்டங்கள்தான் அவனுக்கு உயிர். ஆசைப்பட்டானே என்று, கையில் பிடித்து ஆடும் அதன் ரிமோட்டை உள்ளே செருகிக்கொள்ளும் துப்பாக்கி ஓடு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கன்சோல் கம்பெனி செய்தது அல்ல, வேறொரு பெயரில் வந்தது. நீளமான குழல், தோளில் அணைக்கக் கட்டை, குறிபார்க்க மேலே பின்பக்கம் ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளம், முன்பக்கம் முள் மாதிரி நிற்கும் ஒரு குறிமுள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

பையன் இடது கண்ணை மூடினான். கன்னத்தைக் கட்டையில் அழுத்தி வைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காடிக்குள் முள்ளைக் கொண்டுவந்து, முள்ளின் நுனியில் வாத்தை உட்கார வைத்து, விசையை இழுத்தான். படவில்லை. மறுபடி இழுத்தான். படவில்லை. “மாமா, நான் சரியாத்தான் வெச்சேன்” என்றான். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்குச் சுட வரல மாமா” என்று எழுந்து போய்விட்டான்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொதிக்க வைத்தது. அவன் எடுத்து வைத்த குறியில் ஒரு பிசகும் இல்லை. நான் எடுத்துப் பார்த்தேன். முள்ளை வாத்தின் மேல் அசையாமல் நிறுத்தினால், திரையில் குண்டு பாயும் புள்ளி ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அந்தக் காடியும் முள்ளும் வெறும் ஒப்பனை. குழல் எங்கே பார்க்கிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது!

ஏன் தெரியாது என்று சொல்கிறேன். டிவிக்கு மேலேயோ கீழேயோ வைக்கிறோமே, சென்சார் பார் என்று பெயர் சொல்லி ஒரு பட்டை, அதில் சென்சாரே கிடையாது. இருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக், இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் விடும் எல்இடிகள், அவ்வளவுதான். இரண்டு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தாலும் அதே வேலை நடக்கும். பார்க்கிற கண் ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. அந்தச் சின்ன கேமராவுக்கு முன்னால் இரண்டு வெளிச்சப் பொட்டு தெரியும். அந்தப் பொட்டு தன் பார்வையில் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் புள்ளியை நகர்த்தும். உன் டிவி எவ்வளவு அகலம் என்று அதற்குத் தெரியாது. டிவியின் மூலை எங்கே முடிகிறது என்றும் தெரியாது.

இதனால் என்ன ஆகிறது? டிவி ஒரு மீட்டர் அகலம், நீ மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறாய் என்று வை. உன் கண்ணுக்கு அந்த டிவி மொத்தமே பத்தொன்பது டிகிரிதான். ஒன்றரை மீட்டருக்கு வா, அதே டிவி முப்பத்தேழு டிகிரி ஆகிவிடும். ரிமோட்டோ, நீ எங்கே நின்றாலும், இத்தனை டிகிரி திரும்பினால் புள்ளி இத்தனை தூரம் என்று ஒரே கணக்கில் ஓட்டும். தள்ளி நின்றால் திரையோரத்து வாத்தைச் சுட டிவியை விட்டுவிட்டுச் சுவரைக் குறிபார்க்க வேண்டும். கிட்டே வந்தால் கொஞ்சம் திருப்பியதுமே புள்ளி திரையைத் தாண்டி ஓடிவிடும். சில ஆட்டங்களில் முதலிலேயே குறியைச் சரிசெய்துகொள்ள ஒரு திரை வரும். செய்து பார்த்தேன். நின்ற இடத்தை விட்டு ஓரடி நகரும்வரைதான் அதற்கு ஆயுசு. எட்டு வயசுப் பையன் ஓரடி நகராமல் நிற்பானா?

வெறும் ரிமோட்டைக் கையில் பிடித்தால் இது பெரிய குறையே இல்லை. நாம் திரையில் புள்ளியைப் பார்த்தபடி மணிக்கட்டை ஆட்டுவோம், அது வரும். அதற்காகச் செய்யப்பட்ட கருவி அது, அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. அதன் மேல் துப்பாக்கி ஓட்டை மாட்டி, காடியும் முள்ளும் வைத்து, கண்ணைக் கொண்டுவா, குறிபார், சுடு என்று கையைப் பிடித்து அழைக்கிறார்களே, அதுதான் அயோக்கியத்தனம். குறிமுள் ஒரு வாக்குறுதி. இதன் வழியே பார்த்தால் பார்த்த இடத்தில் படும் என்கிற வாக்கு. காப்பாற்ற முடியாத வாக்கை அச்சில் வார்த்து ஒட்டி விற்கலாமா?

விசையைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். ரிமோட்டின் அடிப்பக்கம் இருக்கும் பி பட்டனைத்தான் அமுக்க வேண்டும். அதற்காக ஓட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல். விசையை இழுத்தால் பாதி தூரம் ஒன்றுமே நடக்காது. பிறகு கறக் என்று நெம்புகோல் எழும்பி, பட்டனை மட்டும் தள்ளாமல் ரிமோட்டையே கீழிருந்து முட்டும். ரிமோட் ஓட்டுக்குள் இறுக்கமாகவும் உட்கார்வதில்லை, ஒரு நெல் கனத்துக்கு ஆட்டம் இருக்கிறது. மூக்கு மேலே எகிறும். விளக்கைப் போட்டுப் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு இழுப்புக்கும் ரிமோட் தலையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கையில் நிஜத் துப்பாக்கியே இருந்தாலும் குழல் ஒரு டிகிரி ஆடினால் இரண்டு மீட்டரில் மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப்போகும். இங்கே சுடுகிற அந்த நொடியிலேயே குறியைக் கலைக்கிற மாதிரி விசையைச் செய்திருக்கிறார்கள். இதை விற்பதற்கு முன் ஒருத்தராவது கையில் எடுத்து ஒரு டப்பாவைச் சுட்டுப் பார்த்தார்களா?

பேட்டரி தீர்ந்தால் கதை இன்னும் மோசம். ஓட்டைக் கழற்றி, இன்னொரு கைக்கான நஞ்சக் என்ற துணைக் கருவியின் ஒயரைப் பள்ளத்திலிருந்து உருவி, ரிமோட்டை வெளியே எடுத்து... வேண்டாம், அதை விடுங்கள்.

இது முடியாத காரியமாக இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் வராது. முடிந்த காரியம்! 1984-ல் வந்த டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் ஆட்டத்துக்கு ஜாப்பர் என்று ஒரு துப்பாக்கி இருந்தது. அதற்குள் ஒரு லென்சும் வெளிச்சத்தை உணரும் ஒரு சில்லும்தான். விசையை இழுத்ததும் திரை கண்சிமிட்டும் நேரம் இருட்டாகும், அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக்கு இருட்டும் தெரிந்து, அடுத்து வெளிச்சமும் தெரிந்தால் பட்டது என்று அர்த்தம். முதலில் இருட்டு வருவதால் பல்பைக் காட்டி ஏமாற்றவும் முடியாது. எவ்வளவு எளிமை, எவ்வளவு நேர்மை! பிறகு வந்த நாம்கோ கம்பெனியின் கன்கான் துப்பாக்கி, டிவிக்குப் போகும் வீடியோ ஒயரிலும் இணைந்துகொள்ளும். பழைய டிவியின் பிக்சர் டியூபில் கதிர் கோடு கோடாக ஓடி வரும்போது, எந்தக் கணத்தில் குழலுக்கு நேரே வந்தது என்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். குழல் பார்த்த இடமும் குண்டு பட்ட இடமும் ஒன்றாக இருந்தன.

தட்டை டிவி வந்ததும் ஓடும் கதிர் போய்விட்டது, அந்தத் துப்பாக்கிகளும் போயின. அது யார் தப்பும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகும் வழி இருக்கிறதே. திரையைச் சுற்றி நாலு வெளிச்சப் பொட்டு வைத்தால் போதும். நாலு பொட்டும் கேமராவில் எந்தக் கோணலில் தெரிகின்றன என்று பார்த்தே, எவ்வளவு தூரம், எந்தப் பக்கச் சாய்வு, குழல் திரையில் எங்கே இடிக்கிறது என்று துல்லியமாகக் கணக்குப் போட்டுவிடலாம். வீட்டிலேயே உட்கார்ந்து லைட் கன், அதாவது இந்த மாதிரி ஆட்டத் துப்பாக்கி, செய்கிற ஆர்வலர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். சிண்டென் லைட் கன்னுக்கு அந்தப் பொட்டும் வேண்டாம், படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டம் வரைந்தால் குழலில் இருக்கும் கேமரா அதையே பார்த்துக் குறியைப் பிடித்துக்கொள்ளும்.

என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். வீ ரிமோட்டின் மூக்கில் இருக்கும் கேமரா ஒரே சமயத்தில் நாலு பொட்டைப் பார்க்கக்கூடியது. 2006-லேயே! கண் தயாராக இருந்தது, இன்னும் இரண்டு விளக்கு வைத்து அதற்கேற்ற ஆட்டம் எழுதத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அதை விட்டுவிட்டு எத்தனை விதமான ஓடுகளை வார்த்துத் தள்ளினார்கள்! நீளக் குழல், குட்டைக் குழல், வில் மாதிரி ஒன்று.

இப்போது நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் கையில் பிடிக்கும் ஜாய்-கானுக்கும் அதே கூத்து தொடர்கிறது. அதில் டிவி பக்கம் வெளிச்சப் பொட்டே கிடையாது, திரும்புவதை உணரும் கைரோ என்ற சென்சாரை நம்பித்தான் குறி. கைரோ சொல்வது எவ்வளவு வேகமாகத் திரும்பினாய் என்பதை மட்டும்தான். அதைக் கூட்டிக் கூட்டித்தான் எங்கே பார்க்கிறாய் என்று ஊகிக்க வேண்டும். மேல் கீழ் சாய்வையாவது புவியீர்ப்பை வைத்துத் திருத்தலாம், இடம் வலத்துக்கு அப்படி ஒரு பிடிமானமே இல்லை. சின்னப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து புள்ளி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், நீ பட்டனை அமுக்கி நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். அதன் ஓட்டிலும் குறிமுள் இருக்கிறது!

துப்பாக்கி வடிவமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு கையிலும் கனமாக ஒன்றைப் பிடித்துச் சுடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதற்காக மட்டும் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடுங்கள்: இதில் குறிபார்க்க முடியாது, திரையில் வரும் புள்ளியைப் பார்த்துச் சுடவும். கூடவே அந்தக் காடியையும் முள்ளையும் அச்சிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நேற்று சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ரிமோட்டை ஓட்டிலிருந்து உருவி வெறும் கையில் கொடுத்தேன். பத்து டப்பாவில் ஒன்பதைத் தட்டினான். நிமிர்ந்து பார்த்து, “அப்ப அன்னிக்கு நான் சரியாத்தானே மாமா வெச்சேன்?” என்று கேட்டான். சரியாகத்தான் வைத்தாய் கண்ணா என்றேன். முள்ளை வாத்தின் மேல் நிறுத்திப் புள்ளி எங்கே நிற்கிறது என்று அவனுக்கே காட்டினேன். அந்த ஓட்டைத் திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டேன். காரணம் எழுதும் இடத்தில், குறிமுள் பொய் சொல்கிறது என்று எழுதியிருக்கிறேன்.