விடியுமுன் கடற்கரையில் அந்த விளக்கை அணையுங்கள்

வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். இன்று காலையும் அதே கதை: கடற்கரையில் கல்யாண ஜோடியை வைத்துப் படம் எடுக்கிறவர்கள் போட்ட விளக்கு.

வாரத்தில் ஆறு நாள் வேலை. கேமராவுக்கு மிஞ்சுவது ஞாயிறு காலை மட்டும். சனிக்கிழமை ராத்திரியே பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு, லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டுப் படுப்பேன். மூன்றே முக்காலுக்கு எழுந்து, வீட்டில் யாரும் முழித்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, சென்னையிலிருந்து கடலோரமாகப் போகும் ஈசிஆர் சாலைக்கு வண்டியை விடுவேன். நான் போவது ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டிய கரை. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் இன்னும் நாலு குழு வேன் எடுத்துக்கொண்டு வந்து இறங்கும்.

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். இங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து வராது, கிட்டத்தட்ட நேராக மேலே கிளம்பிவிடும். வட ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் மணிக்கணக்காக நீளும் அரையிருட்டு நமக்குக் கிடையாது. கடலும் வானமும் ஒரே நீலமாக ஒட்டிக்கொண்டு நிற்பது இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து. மார்ச் ஆரம்பத்தில் சூரியன் 6.20 வாக்கில் எழும். அப்படியென்றால் எனக்கு வேண்டியது 5.35-லிருந்து ஆறு மணி வரைதான். முந்தைய இரவின் தூக்கம், பெட்ரோல் காசு எல்லாம் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காக.

இன்று 5.20-க்கெல்லாம் பாறைப் பக்கம் போய்விட்டேன். ட்ரைபாட் கால்களை மணலில் அழுத்தி இறக்கி, இரண்டு அலை வந்து போகும்வரை பொறுத்தேன். அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும்போது ட்ரைபாட் ஒரு நூல் அளவு இறங்கும். அது நிலைத்த பிறகுதான் பட்டனைத் தொட வேண்டும். கேமராவின் ஷட்டர் முப்பது வினாடி திறந்தே இருக்கும்படி வைத்திருந்தேன். அந்த முப்பது வினாடியில் அலையெல்லாம் கரைந்து பாறை இடுக்கில் பால் மாதிரி வழியும். மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து எண்ணும்போது பின்னாலிருந்து பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம். ஈரப் பாறை முழுக்க வெளுத்துப்போனது. படம் காலி.

திரும்பிப் பார்த்தால் ஒரு ப்ரீ வெட்டிங் ஷூட். ஸ்டாண்டு போட்டு இரண்டு எல்இடி விளக்கு, கடகடவென்று ஒரு ஜெனரேட்டர், ஸ்பீக்கரில் பாட்டு. ஒரு பையன் என்னிடம் ஓடி வந்தான்.

“சார், எங்க ஃப்ரேம்ல வர்றீங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க சார்.”

“தம்பி, நான் அஞ்சு இருபதுக்கே வந்துட்டேன். ஒரு பத்து நிமிஷம் அந்த லைட்டை மட்டும் அணைச்சு வையுங்க, என் வேலை முடிஞ்சிடும்.”

“பார்ட்டி பணம் கட்டியிருக்காங்க சார். சன்ரைஸ் போயிடுச்சுன்னா திரும்ப வராது.”

எனக்கு மட்டும் திரும்ப வருமா?

கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்தப் பெண் தரையில் புரளும் கவுனோடு முழங்கால் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். எட்டு தடவை அலைக்குள் ஓட விட்டார்கள், எண்ணினேன். என் கோபமெல்லாம் கேமரா பிடிக்கிறவர்கள் மேல்தான். அவர்களும் என் மாதிரி வ்யூஃபைண்டரில் கண் வைத்தவர்கள். விடியல் வெளிச்சம் வேண்டும் என்றுதானே ஒரு குடும்பத்தையே நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டி வந்தீர்கள்? முகத்தில் ஒரு நிழல் விழாமல் பூசி விடுகிற அந்த வெளிச்சத்தை விளக்கைப் போட்டு அடித்துத் துரத்துவது என்ன தொழில்? அதற்கு ஸ்டுடியோவிலேயே எடுத்துவிட்டுப் போகலாமே. இப்போதைய கேமராக்கள் அந்த அரையிருட்டிலேயே தாராளமாக எடுக்கும்.

என் படம் போனதைக்கூட விடுங்கள். இது பங்குனி ஆமை என்கிற ஆலிவ் ரிட்லி கடலாமை முட்டையிடும் காலம். ஜனவரியில் ஆரம்பித்து மார்ச் தாண்டியும் கரையேறும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே மாணவத் தன்னார்வலர்கள் 1988-லிருந்து ராத்திரி முழுக்க நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழிகளும் இருக்கும். நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாளில் குஞ்சு வெளியே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டில் கடல் பக்கம்தான் வெளிச்சம். நீங்கள் இந்தப் பக்கம் எல்இடி-யைக் கொளுத்தி வைத்தால் அது ரோட்டைப் பார்த்து ஓடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்த பிறகுமா நமக்கு இது உறைக்கவில்லை?

அப்புறம் மீனவர்கள். ஃபைபர் படகு கரையேறும்போது ஓட்டுகிறவர் அலையைக் கணித்து, சரியான அலையின் முதுகில் ஏறி வர வேண்டும். அந்த நேரத்தில் கண்ணில் நேராக விளக்கை அடித்தால் என்ன ஆகும்? இன்று ஒருவர் படகிலிருந்தே கத்தினார். இவர்கள் பாட்டுச் சத்தத்தில் காதில் வாங்கவில்லை. அதைவிட மோசம், கரையில் நின்ற இன்னொரு படகின் மேல் மாப்பிள்ளையை ஷூவோடு ஏற்றி நிற்க வைத்தார்கள். அது அவர்களுக்குச் சோறு போடுகிற படகு. செருப்பைக் கழற்றாமல் அவர்கள் வீட்டுப் பிள்ளைகூட அதில் கால் வைக்காது. கேட்பதற்கு ஒரு வார்த்தை வேண்டாமா?

இந்த ஒரு கரையோடு முடிந்தால் பரவாயில்லை. அடையாறு முகத்துவாரத்தில் 1977-ல் இடிந்த அந்த உடைந்த பாலத்தில் இதே கூத்தைப் பார்த்திருக்கிறேன். தனுஷ்கோடியிலும் பார்த்தேன். 1964 டிசம்பர் புயலில் ஒரு ஊரே போன இடம் அது. இடிந்த தேவாலயச் சுவருக்குள் கலர் புகையைக் கொளுத்திவிட்டு, “இன்னும் சிரிங்க, இன்னும் சிரிங்க” என்று கத்துகிறார்கள். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

“பொது இடம்தானே சார்” என்பார்கள். பொது இடம்தான். அதனால்தான் கேட்கிறேன். ஆறு மணிக்கு முன்னால் விளக்கு வேண்டாம். ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே யாராவது நின்றால் பத்து நிமிடம் பொறுங்கள், அல்லது நூறு அடி தள்ளிப் போங்கள். கிலோமீட்டர் கணக்கில் கடற்கரை கிடக்கிறது.

6.40-க்கு அவர்கள் மூட்டை கட்டினார்கள். போன பிறகு மணலில் பார்த்தேன். புகை கக்கி முடிந்த அட்டைக் குழாய்கள் ஏழு. நண்டு வளை ஒன்றைச் சுற்றி ரோஸ் நிறத்தில் சாயம் திட்டுத் திட்டாக ஊறிக் கிடந்தது. ஏழையும் பொறுக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தேன். வேன் இன்னும் கிளம்பவில்லை. அந்தப் பையனிடம் நீட்டினேன்.

“இது எங்களுது இல்ல சார்” என்றான். அவன் விரல் நுனியெல்லாம் ரோஸ்.