பாட்டி கேட்டது: "ஊதிப் பார்த்தானா?"

என் மகன் சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று படிக்கிறான். ஜூன் விடுமுறையில் ஈசூன் நூலகத்திலிருந்து கேரி பால்சனின் 'ஹேட்செட்' நாவலை எடுத்து வந்தான். 1987இல் வெளிவந்த புத்தகம். சின்ன விமானத்தில் அப்பாவைப் பார்க்கப் போகிறான் 13 வயதுப் பிரையன். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு. கனடாவின் வடக்குக் காட்டில், ஓர் ஏரிக்குள் விமானம் விழுகிறது. அம்மா பரிசாகத் தந்த கைக்கோடாரி மட்டும் இடுப்பில் தங்குகிறது. அதை வைத்துக்கொண்டு 54 நாள்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகன் சத்தமாக வாசிப்பான், நான் தமிழில் சொல்வேன், என் அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா செம்பவாங்கில், கடற்படைத் தளம் இருந்த காலத்தில் வளர்ந்தவர். பத்து வயதிலேயே விறகடுப்பில் சோறு வடித்தவர்.

பிரையன் நெருப்பு மூட்டும் இடம் வந்தது. இருட்டில் முள்ளம்பன்றி ஒன்று குகைக்குள் வர, அவன் வீசிய கோடாரி பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. காலையில்தான் அதன் அர்த்தம் அவனுக்குப் புரிகிறது. காய்ந்த புல்லில் பொறியை விழவைக்கிறான், பற்றவில்லை. சுள்ளி, பற்றவில்லை. பையிலிருந்த 20 டாலர் நோட்டையே கிழித்துப் போடுகிறான், அதுவும் இல்லை. பிறகு பிர்ச் மரப்பட்டையை முடிமுடியாக உரித்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு கூடு மாதிரி செய்கிறான். பொறி அதில் விழுகிறது, சிவக்கிறது, அணைந்துவிடுகிறது.

அம்மா மூட்டு வலியை மறந்து முன்னால் சாய்ந்தார். "ஊதிப் பார்த்தானா?"

மகன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். "ஊதுறான் பாட்டி!" என்று கத்தினான்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கணக்கில் 38 மதிப்பெண் வாங்கியிருந்தான். நான் செய்தது என்ன? இன்னும் இரண்டு பயிற்சிப் புத்தகம் வாங்கி மேசையில் வைத்தேன். தினமும் 30 கணக்கு, முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. முயற்சி திருவினையாக்கும் என்று குறளும் சொன்னேன். அவனும் பாவம், போட்டான். காய்ந்த புல்லிலேயே நாள் முழுக்கக் கோடாரியைத் தட்டிக்கொண்டிருந்தால் பிரையனுக்கு நெருப்பு வந்திருக்குமா?

மறுநாள் அவனோடு உட்கார்ந்து தப்பான கணக்குகளை மட்டும் பார்த்தேன். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உள்ளே இருப்பதெல்லாம் குறி மாற வேண்டும். இவன் முதல் உறுப்பை மட்டும் மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விட்டிருந்தான். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் அதே பிழை. முப்பது முப்பதாகப் போட்டு அந்தப் பிழையைத்தான் பழக்கியிருக்கிறோம்.

இந்த நாவலில் விடாமுயற்சி என்பது முழுக்க இப்படிப் பார்ப்பதுதான். மீனை ஈட்டியால் குத்தக் குத்தத் தப்புகிறது. வில்லும் அம்பும் செய்து எய்தாலும் தப்புகிறது. தண்ணீரில் ஒளி வளைவதால் மீன் தெரிகிற இடத்தில் மீன் இல்லை என்று நினைவு வந்ததும் கொஞ்சம் கீழே குறிவைக்கிறான், மாட்டுகிறது. காட்டுக்கோழி கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. நிறத்தைத் தேடுவதை விட்டு உருவத்தைத் தேடியதும் மரத்தடியெல்லாம் கோழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அழாதே, ஆம்பளைப் பையன்" என்று சொல்கிற கதை இல்லை இது. பிரையன் நன்றாக அழுகிறான். அழுது முடித்த பிறகும் இருட்டு இருட்டாகவே இருக்கிறது, முள்ளம்பன்றி முள் குத்திய கால் வலி அப்படியே இருக்கிறது. அதை அவனே கண்டுகொள்கிறான், யாரும் உபதேசம் செய்யவில்லை. தேட வந்த விமானம் திரும்பிப் போகும் பகுதி மட்டும் மிகவும் கனமானது. வாழவே வேண்டாம் என்று நினைக்கும் அளவுக்கு உடைந்துபோகிறான். பெற்றோர்களே, அந்தப் பக்கங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள், தனியாக விடாதீர்கள்.

நேற்று கடைசி அத்தியாயம். ஒருவழியாக ஒரு விமானம் ஏரியில் இறங்குகிறது. அடுப்பில் சாப்பாடு வெந்துகொண்டிருக்க, காப்பாற்ற வந்தவரிடம் பிரையன் தன் பெயரைச் சொல்லி, ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்தவங்களைச் சாப்பிடச் சொல்றான் பாரு" என்றார். மகன் புத்தகத்தை மூடாமல், முள்ளம்பன்றி வந்த பக்கத்தை மறுபடியும் தேட ஆரம்பித்தான்.