கிளினிக் வரிசையில் நிற்க என்ன வெட்கம்?

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் யாருக்காவது மனநோய் என்று தெரியவந்தால், கையில் காசே இல்லாத அந்த வீடு முதலில் ஓடுவது காசு கேட்கிற இடத்துக்குத்தான். இதைப் பல காலமாகப் பார்த்து மனம் நொந்து எழுதுகிறேன்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ, அரச ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி, மனநோய் கிளினிக்கில் டொக்டரைப் பார்க்க ஒரு சதம் கட்டத் தேவையில்லை. குளிசைக்கும் ஊசிக்கும் வார்ட்டில் தங்குவதற்கும் காசில்லை. காப்புறுதி இருக்கிறதா, மாத வருமானம் எவ்வளவு என்று எவரும் கேட்கப் போவதில்லை. அரச உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. வயல் கூலிக்கும் மேசன் வேலைக்கும் கடலுக்கும் போகிற நம் சனத்துக்கு இருக்கிற ஒரே காப்புறுதி அந்த ஆஸ்பத்திரிதான். ஆனால் அதன் வாசலைத் தாண்டிப் போய், பின்னேரம் டவுனில் தனியார் இடத்தில் நம்பர் போட்டு, அதாவது சனல் பண்ணி, அதே டொக்டரைக் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆம், பெரும்பாலும் அதே டொக்டர்தான். காலையில் அரச கிளினிக்கில் இருப்பவர் பின்னேரம் தனியார் இடத்தில் இருக்கிறார். அதில் பிழை இல்லை, வசதி உள்ளவர்கள் போகட்டும். தோட்டை அடகு வைத்துப் போகிறவர்களைப் பற்றித்தான் நான் சொல்கிறேன். முதல் மாதம் தோடு. அடுத்த மாதம் தெரிந்தவரிடம் கைமாற்று. அப்புறம் லோன்காரனுக்குக் கட்ட வைத்திருந்த காசு. அதோடு கை வற்றிப்போகும், குளிசையும் நின்றுவிடும். சில வாரங்களில் ஆள் பழையபடி இரவிரவாகத் தூங்காமல் தனக்குள் பேசத் தொடங்க, "அந்த டொக்டர்ர மருந்தால ஒண்டும் சரிவரல்ல" என்று ஊரில் கதை வந்துவிடும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் காரணம் ஒன்றுதான். மகளைச் சனல் பண்ணிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மாமியிடம் கிளினிக்குக்கு வரச்சொன்னேன். "அங்க போனா ஊரே பார்க்கும் புள்ள. மறுகா இவள ஆர் கேட்டு வருவான்?" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பொம்பிளைப் பிள்ளையை வைத்திருக்கிற தாயின் பயம் அது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அவர் மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்தார். மகள் தேறுவதற்கு முன்பே அந்தக் காசு முடிந்துவிட்டது.

என் அண்ணனுக்கு இந்த வருத்தம் வந்து பல வருடம். எங்கள் வீட்டிலும் வருமானம் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அம்மா அன்றிலிருந்து இன்றுவரை அரச கிளினிக்கைத் தவிர வேறெங்கும் அவரைக் கொண்டுபோனதில்லை. கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் வைத்து, மழையில் நனையாமல் கொண்டுபோவார். பாமசி ஜன்னலில் தரும் சின்னக் கடதாசிப் பைகளை வீட்டுக்கு வந்ததும் பாயில் கொட்டி எண்ணுவார். இரவுக் குளிசைப் பையின் மூலையை மட்டும் மடித்து வைப்பார், எழுத்து வாசிக்கத் தெரியாததால். அந்த மடிப்பு இருக்கும்வரை எங்கள் வீட்டில் மருந்து மாறியதில்லை. அண்ணன் இப்போது வேலைக்குப் போகிறார். வீச்சு வலை கட்டுவதில் எங்கள் பக்கத்தில் அவர் கெட்டிக்காரர்.

இதே ஆஸ்பத்திரியில் சீனி வருத்தத்துக்கு வருகிறவர்களைப் பாருங்கள். ஒருவருக்கொருவர் ரிப்போர்ட்டைக் காட்டி, உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவு என்று கதைத்துக்கொண்டு இருப்பார்கள். மனநோய் கிளினிக் பக்கம் வருகிறவர்கள் மட்டும் முந்தானையால் முகத்தை மறைக்கிறார்கள்.

மருந்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற ஃபுளுவொக்செடின் போன்ற குளிசைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். ஒரு கிழமை போட்டுப் பார்த்து நிறுத்துவது, நட்ட நெல்லை மறுநாளே பிடுங்கிப் பார்ப்பது போன்றது. சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். கடும் மனநோய்க்குக் கொடுக்கிற சில குளிசைகளால் கை நடுங்கும், உடம்பு இறுகும். பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த நடுக்கத்துக்கும் பென்செக்சோல் என்று ஒரு குளிசை கிளினிக்கிலேயே இருக்கிறது. டொக்டரிடமோ நேர்ஸ் மிஸ்ஸிடமோ சொன்னால் அளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் மருந்தை மாற்றித் தருவார்கள். குளிசை விழுங்க மறுக்கிற ஆளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசியும் உண்டு. எங்கள் அண்ணனைக் காப்பாற்றியது அந்த ஊசிதான்.

ஒரு மருந்து கிளினிக்கில் இல்லாமல் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தால், கம்பனிப் பெயரைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைக்கு விற்கிறது. "இதே மருந்து விலை குறைவாக வேறு கம்பனியில் இருக்கா?" என்று பாமசியில் கேளுங்கள். அப்படிக் கேட்கிற உரிமையை இந்த நாட்டுக்கு வாங்கித் தந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்லாமல் அதன் பொதுப் பெயரால் வாங்க வேண்டும், ஏழைக்கும் எட்டுகிற விலையில் கொடுக்க வேண்டும் என்று நின்ற மனிதர். அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடையான ஒசுசல பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

முந்தின காலத்தில் விசர் என்றாலே அங்கொடை என்பார்கள், கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி அது. கிழக்கிலிருந்து கொழும்பு வரை கொண்டுபோய், மொழி விளங்காத இடத்தில் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களில் மனநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசனை மட்டக்களப்பு மறக்கக் கூடாது. போர்க்காலத்திலும் 2004 சுனாமிக்குப் பிறகும் இங்கே இருந்து, சிகிச்சையை ஊர்களுக்குக் கொண்டுபோனவர். 2005 இல் அரசு ஏற்ற உளநலக் கொள்கையும், சேவை ஒரே பெரிய ஆஸ்பத்திரியில் குவிந்திருக்காமல் மாவட்டங்களுக்கு வர வேண்டும் என்றுதான் சொன்னது. வந்தது. நாம்தான் போகாமல் நிற்கிறோம்.

ஆனால் "எல்லாம் இலவசம்தானே, போகாதது உங்கள் பிழை" என்று டவுனில் இருந்துகொண்டு சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ நோயாளியோடு ஒருவர் வந்தால் இரண்டு பேரின் பஸ் காசு. துணைக்கு வருகிறவரின் அன்றைய கூலி போகிறது. விடிய முன் வெளிக்கிட்டு வந்தவர்களுக்குப் பகல் சாப்பாடு வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதல், ஆனால் மாரியில் வெள்ளம் வந்து கிரான் பக்கம் வீதி மூடினால் கிளினிக் நாளாவது ஒன்றாவது. கடும் மனநோய்க்கான குளோசபின் என்ற குளிசை எடுக்கிறவர்களுக்கு முதல் 18 வாரம் ஒவ்வொரு கிழமையும் இரத்தம் சோதிக்க வேண்டும். கூலி வேலை செய்கிற குடும்பம் இதை எப்படித் தாக்குப்பிடிக்கும்? 2022 இல் மருந்துத் தட்டுப்பாடும் எண்ணெய் வரிசையும் ஒன்றாக வந்தபோது, மருந்து இல்லாமல் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். இலவச மருத்துவம் பாமசி ஜன்னலோடு முடிந்துவிடுகிறது. அந்த ஜன்னலுக்கு வந்து சேருகிற செலவு எந்தக் கணக்கிலும் இல்லை.

அதனால் ஆஸ்பத்திரிகளை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். நோய் கட்டுப்பாட்டில் இருந்து நாள்பட ஒரே மருந்தில் இருக்கிறவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுங்கள். ஊசியையும் மாத மருந்தையும் ஊரில் இருக்கிற பிரதேச வைத்தியசாலையிலேயே கிடைக்கச் செய்யுங்கள். ஏற்கனவே அப்படி நடக்கிற இடங்கள் உண்டு, அங்கே சனம் மருந்தை விடுவது குறைவு. எல்லா ஊருக்கும் அது வரட்டும்.

கோயில் நிர்வாகங்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். அன்னதானத்துக்கு ஆள் பிடிக்கிற நீங்கள், மாதம் ஒரு நாள் நம் ஊர் நோயாளிகளைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்க ஒரு வானுக்கும் ஆள் பிடிக்கலாம். நேர்த்திக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கண்ணகி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை ஒரு வருடமும் விட்டதில்லை, குளிசையையும் விட்டதில்லை. ஆனால் செய்வினை எடுக்கிறேன் என்று கடாவும் சேவலும் கேட்டு, "இங்கிலீஸ் மருந்தை நிப்பாட்டினால்தான் பலிக்கும்" என்கிறவனை வீட்டுப் படியேற விடாதீர்கள்.

வருமானம் இல்லாத வீடுகள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவு பற்றியும், இயலாமை உள்ளவர்களுக்கான மாதக் கொடுப்பனவு பற்றியும் கேளுங்கள். நீண்டகால மனநோய்க்கு டொக்டரின் கடிதம் எடுத்து விண்ணப்பித்துப் பாருங்கள். கிடைத்தால் பஸ் காசுக்காவது ஆகும்.

முதல் தடவை போகிறவர்கள் பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் ஓபிடியில் துண்டெடுத்து, நித்திரை இல்லை, பயமாக இருக்கிறது, சாக வேண்டும் போல் இருக்கிறது, எதுவோ அதை அப்படியே சொல்லுங்கள். மனநோய் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். போகவே மனம் வராவிட்டால் 1926 க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவிலும் ஆள் இருப்பார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் விடாமல் வந்தால் கிளினிக் நாள் வரும்வரை இருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். அண்ணனின் கிளினிக் நாளில் நானும் அந்த வரிசையில்தான் நிற்பேன், சேர்ந்தே போகலாம்.