சீன நெசவுக் கல்வியின் தொடக்கம் 1951 அல்ல

சீனாவில் நெசவுக் கல்வியே 1951இல் ஷாங்காயில் கிழக்குச் சீன நெசவுத் தொழில்நுட்பக் கழகம் அமைந்த பிறகுதான் வந்தது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. ஹாங்சோ நகரின் ஆட்சியாளர் லின் சீ 1897இல் நிறுவிய பட்டுப்புழு வளர்ப்புப் பள்ளியில், முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, பட்டுப்புழுக்களைத் தாக்கும் பெப்ரின் நோயின் கிருமி தென்பட்டால் அதன் முட்டைகளைக் கழித்துவிடும் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரின் முறை கற்பிக்கப்பட்டது. அது பட்டு வளர்ப்புதானே, நெசவு அல்லவே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் நூற்புக்கும் நெசவுக்குமென்றே தனிப் பள்ளியை 1912இல் நான்டொங் நகரில் தொடங்கியவர் சாங் சியென்; அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் 1894 அரசவைத் தேர்வில் முதலிடம் பெற்ற அந்த அறிஞரின் தாஷெங் நூற்பாலை 1899 முதலே, வெளிநாட்டுப் பொறியாளர்களை நம்பி, ஓடிக்கொண்டிருந்தது. 1951இல் நடந்தது, ஏற்கெனவே இயங்கிவந்த நெசவுக் கல்லூரிகளையும் துறைகளையும் ஒன்றாக இணைத்ததுதான்.