ராத்திரி படுக்கத்தானே போறோம்னு இனிமே சொல்லாதீங்க

"ரூம்ல என்ன இருக்கு? ராத்திரி படுக்கத்தானே போறோம்." வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்தாலே மதுரையில் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுகிறார். இந்த ஒரே வாக்கியத்தை வைத்துத்தான் டிராவல்ஸ்காரர்கள் நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் தேடுகிறவர், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ரூமைத் திறந்து காட்டச் சொல்வார். குழாயைத் திருகிப் பார்ப்பார். வெந்நீர் எத்தனை மணி வரை, 24 மணி நேர செக்-அவுட்டா என்று கேட்பார். அதே ஆள் குடும்பத்தோடு மலேசியா போக லட்சக்கணக்கில் பணம் கட்டும்போது ஹோட்டல் பெயரைக்கூடக் கேட்பதில்லை. ஏன்? கொடுக்கிற தாளில் '3 ஸ்டார் ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது' என்று இருக்கும். அந்த 'இணையானது' என்ற சொல்லுக்குள்தான் மொத்தப் பித்தலாட்டமும் ஒளிந்திருக்கிறது. ஸ்டாருக்கு உலகம் முழுக்கப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நாட்டு 3 ஸ்டாரும் இன்னொரு நாட்டு 3 ஸ்டாரும் ஒன்றல்ல. எதற்கு இணை, எந்த இடத்தில் இணை என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அப்போது தெரியும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது: ஹோட்டல் பெயர், ரூம் வகை, எந்தெந்த ராத்திரி. டிக்கெட் போட்ட பிறகு, ஹோட்டல் கொடுத்த புக்கிங் எண்ணை வாங்குங்கள். வாங்கியதும் நீங்களே அந்த ஹோட்டலுக்கு மெயில் போட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் புக்கிங் இருக்கிறதா, பணம் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். வவுச்சர் என்று ஒரு பிடிஎஃப் கையில் இருப்பதும், ஹோட்டலில் ரூம் இருப்பதும் வேறு வேறு. ஏஜென்ட் ரூமைப் பிடித்து மட்டும் வைத்துவிட்டுப் பணம் கட்டாமல் இழுத்தடித்தால், கெடு தாண்டியதும் ஹோட்டல் அதை ரத்து செய்துவிடும். ரிசப்ஷனில் பெட்டி படுக்கையோடு நிற்பது நீங்கள், ஏஜென்ட் இல்லை.

இடம். இதைப் பற்றி எவ்வளவு கத்தினாலும் போதாது. கோலாலம்பூர் விமான நிலையம் இருப்பது செப்பாங்கில், நகரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அந்தப் பக்கத்தில் ரூம் போட்டுவிட்டு 'கோலாலம்பூர்' என்று தாளில் எழுதுகிறார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வருகிறவரைக் கொட்டாம்பட்டியில் தங்க வைத்துவிட்டு "மதுரைதான் சார்" என்று சொன்னால் சும்மா விடுவோமா? ரூமில் மிச்சம் பிடித்த காசு டாக்சிக்குப் போகும், கூடவே தினமும் இரண்டு மூன்று மணி நேரமும் போகும்.

நம் ஆட்களுக்கு கோலாலம்பூரில் வசதி பிரிக்ஃபீல்ட்ஸ். இட்லி, தோசை நடக்கிற தூரத்தில். பக்கத்திலேயே கேஎல் சென்ட்ரல் நிலையம். விமான நிலைய ரயில் வந்து நிற்பது அங்கே, பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலையும் அங்கேயே பிடிக்கலாம். சிங்கப்பூர் என்றால் லிட்டில் இந்தியா அல்லது ஃபாரர் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தை ஒட்டி. கொழும்பு என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி. ஆனால் இலங்கையில் ஒரு விஷயம்: கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ராத்திரி இறங்கினாலோ, விடியற்காலையில் திரும்பும் விமானம் என்றாலோ, அந்த ஒரு ராத்திரிக்கு நீர்கொழும்பில் தங்குங்கள், பத்து கிலோமீட்டர்தான். நான்கு ராத்திரியும் கொழும்பிலேயே ரூம் போட்டு, கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் வேனில் போய்விட்டு அன்றே திரும்பச் சொல்வது அயோக்கியத்தனம். கண்டிக்கு மட்டுமே 115 கிலோமீட்டர், ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயதானவர்களை வைத்துக்கொண்டு அப்படிப் போனால் பார்த்தது வேன் ஜன்னல் மட்டும்தான். கண்டியில் ஒன்று, நுவரெலியாவில் ஒன்று என்று ராத்திரிகளைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

புக்கிங் தளங்களில் 'ஸ்டேஷனிலிருந்து 600 மீட்டர்' என்று வருவதை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது வரைபடத்தில் கோடு போட்ட தூரம். நடுவில் ஆறு வழி நெடுஞ்சாலை இருந்தால் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், கோலாலம்பூரில் இது சகஜம். ஹோட்டல் பெயரை மேப்பில் போட்டு, நடந்து போகும் வழியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் காட்டினால் அடுத்ததைத் தேடுங்கள்.

அடுத்தது நேரம். நம் ஊர் லாட்ஜுகளின் 24 மணி நேரக் கணக்கு அங்கே செல்லாது. மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் சாவி, மறுநாள் 11 அல்லது 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். திருச்சியில் ராத்திரி விமானம் ஏறி விடியற்காலை கோலாலம்பூரில் இறங்குகிறவர் என்ன செய்வார்? பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டு ஊர் சுற்றலாம், பெரும்பாலான இடங்களில் வாங்கி வைப்பார்கள். கைக்குழந்தையோ அப்பத்தாவோ கூட வந்தால், முந்தின ராத்திரிக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதுதான் வழி. இதை ஏஜென்ட் ஒருபோதும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார், சொன்னால் அவர் விலை கூடிவிடும்.

தேதியிலும் பொறி இருக்கிறது. 15-ஆம் தேதி நள்ளிரவு 1 மணிக்கு இறங்குகிறீர்கள் என்றால் ரூம் போட வேண்டியது 14-ஆம் தேதிக்கு. 15 என்று போட்டால் அன்று மதியம் வரை சாவி கிடையாது. 14 என்று சரியாகப் போட்டாலும், தாமதமாக வருவோம் என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள். இல்லையென்றால் 'வரவில்லை' என்று குறித்து மொத்த புக்கிங்கையும் ரத்து செய்ய இடமுண்டு. சிங்கப்பூரில் நள்ளிரவை ஒட்டி சாங்கி விமான நிலைய ரயில் நின்றுவிடும். 12 மணியிலிருந்து காலை 6 வரை டாக்சி மீட்டருக்கு மேல் 50 சதவீதம் கூடுதல். அதையும் ரூம் செலவில் சேர்த்துப் பாருங்கள். இலவசமாக ரத்து செய்யும் கெடுவும் ஹோட்டல் இருக்கும் ஊர் நேரப்படிதான். கோலாலம்பூரில் நள்ளிரவு என்றால் இங்கே ராத்திரி 9.30. இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் பணம் போயே போச்சு.

விலையைப் பாருங்கள், வயிறு எரியும். '++' என்று போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி. சிங்கப்பூரில் 10 சதவீத சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி: 100 டாலர் ரூம் 119.90 ஆகிவிடும். இலங்கையில் அதே 10, அதற்கு மேல் 18 சதவீத வாட்: 100 என்பது 130-ஐத் தொடும். மலேசியாவில் 2017-இலிருந்து வெளிநாட்டினருக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, பெரும்பாலும் கவுன்டரில் கேட்பார்கள். இரண்டு ரூம், நான்கு ராத்திரி, 80 ரிங்கிட். துபாயில் திர்ஹம் கணக்கில் இதே கதை. கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள், முதல் பக்கத்து விலை தூண்டில்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மலிவு ரூம்களில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. ரூம் வகையில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள், போட்டோவில் திரை மட்டும் தொங்கும். மழை ஊரில் காற்றோட்டமில்லாத ரூம் என்றால் பூஞ்சை வாடைதான். விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றி, நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்களைப் படியுங்கள். ஒரே குறையை மூன்று பேர் சொன்னால் அந்த ரூமை விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரில் 'முழு வீடு, நான்கு ராத்திரி' என்று மலிவாக வந்தால் தொடாதீர்கள். அங்கே தனியார் குடியிருப்பை 3 மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாசலிலேயே காவலாளி திருப்பி அனுப்பினால் பணம் கேட்க ஆள் இருக்காது. ஆள் கணக்கிலும் ஒளிக்காதீர்கள், இரண்டு பேர் ரூமில் பாய் விரித்து நான்கு பேர் படுக்கும் பழக்கம் அங்கே நடக்காது. பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போட்டுத் தேடுங்கள்.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். ஹோட்டலில் டெபாசிட் பிடிப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் தொகையை முடக்கி வைத்துவிட்டு விடுவார்கள், டெபிட் கார்டு என்றால் பணமே போய் நாள் கணக்கில் கழித்துத்தான் திரும்பும். மெஷினில் "ரூபாயிலா, ரிங்கிட்டிலா?" என்று கேட்கும். ரூபாய் என்று தட்டினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம். கவுன்டர் பையன் தானாக ரூபாயைத் தட்டப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தி ரிங்கிட்டைத் தட்டச் சொல்லுங்கள்.